செபமாலையம்மாளுக்குப் பின்னால் ஒரு சைபர்

உங்கள் பெயரின் நீளம் ஓர் இயந்திரத்துக்குப் பிடிபடவில்லை என்றால், பெயரையே விட்டுக்கொடுக்கச் சம்மதிப்பீர்களா?

மூணாறுக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டில் அதைத்தான் கேட்டார்கள். கொழுந்து நிறுக்கும் தராசின் சின்னத் திரையில், பறித்தவரின் பெயருக்குப் பதில் அவருக்குக் கொடுத்த எண் மட்டுமே தெரியும். சூப்பர்வைசர் ஜோபியும் எண்ணைச் சொல்லித்தான் கூப்பிடுவார். சின்னத்தாய் பல வருடங்களாக நூற்றுப்பதினேழு. அவள் மகள் முருகேஸ்வரி பாலிடெக்னிக் படித்து, தராசு பழுதுபார்க்கும் வேலைக்கு வந்தவள். அம்மாவை எண்ணாகக் கேட்டு வளர்ந்த எரிச்சல் அவளுக்குள் ஆறவே இல்லை. திரையில் பெயரைக் காட்டலாம் என்று ஜோபியிடம் கேட்டாள்.

"பேரெல்லாம் நீளம். திரையில கொள்ளாது," என்றார் ஜோபி.

"அளந்து பார்த்தீங்களா சார்?"

"ஒரு நாள் தாரேன். சரியா வரலைன்னா என்னைக்கும் நம்பர்தான்."

தராசின் பழைய சில்லுக்கு அசெம்பிளி மொழியில்தான் எழுத வேண்டும். பெயரின் நீளம் அதற்குத் தானாகத் தெரியாது. முதல் எழுத்தில் தொடங்கி, ஒவ்வொன்றாக நகர்ந்து, நகரும்போதெல்லாம் ஒன்று கூட்டி, பெயரின் முடிவுக்கு அடையாளமாக வைத்த சைபரைக் கண்டதும் நிற்கச் சொல்ல வேண்டும். நீளம் தெரிந்துவிட்டால் திரைக்கு மிஞ்சிய பெயரை ஓடவிட்டுக் காட்டலாம். முருகேஸ்வரி எழுதினாள்.

மறுநாள் முதல் மூட்டை செபமாலையம்மாளுடையது. திரையில் அவள் பெயர் ஓடியது. நிற்காமல், பட்டியலில் அடுத்திருந்த சின்னத்தாயின் பெயரும் ஒட்டிக்கொண்டு ஓடியது.

"ஏட்டி முருகேசு, உங்க ஆத்தாளையும் என் மூட்டையில போட்டுக் கட்டிட்டியா?" என்றாள் செபமாலையம்மாள். வரிசை சிரித்தது.

"தராசுக்கு எலுமிச்சம்பழம் வைக்கல, அதான்," என்றாள் வரிசையில் நின்ற மாரீஸ்வரி.

"பழம் என்ன செய்யும் மதினி? பேரு முடிஞ்சிருச்சுன்னு காட்டுற சைபரை நான்தான் விட்டுட்டேன்."

"போதும்," என்றார் ஜோபி. "நம்பரைப் போடு. கொழுந்து சூடாகுது."

மூட்டைக்குள் அமுங்கிய கொழுந்து சூடேறினால் சிவந்து கெட்டுவிடும். சின்னத்தாய்க்கும் அது தெரியும். மூட்டையை இறக்கி, அதன்மேலேயே உட்கார்ந்தாள். செபமாலையம்மாளும் உட்கார்ந்தாள். பிறகு வரிசை முழுவதும்.

"நூத்திப்பதினேழு, எந்திரி."

"அப்படி யாரும் இங்க இல்ல சார். பேரு வரட்டும், எந்திரிக்கோம்."

கொழுந்தை ஏற்றக் காத்து நின்ற லாரியை ஜோபி பார்த்தார், மூட்டைகளைப் பார்த்தார். பிறகு விலகி நின்றார். முருகேஸ்வரி விட்டுப்போன சைபரை வைத்து, சில்லில் மறுபடி ஏற்றினாள். செபமாலையம்மாளின் பெயர் ஓடி, முடிய வேண்டிய இடத்தில் முடிந்தது.

அடுத்த பெயரை ஜோபி வாய்விட்டுப் படிக்க வேண்டியிருந்தது. "சின்னத்தாய்."

அவள் எழுந்தாள்.

நாளை உங்கள் முன்னால் யாரையாவது எண் சொல்லி அழைத்தால், அவர் பெயரைக் கேளுங்கள். சொல்லும்வரை நீங்களும் எழுந்திருக்காதீர்கள்.