ரொட்டி கிடந்த தரை

மத்திய ஆசியாவின் ஜரஃப்ஷான் ஆற்றங்கரை மேட்டில் இருபத்தாறு வருடம் அகழாய்வுக்காக மண் தோண்டியவர் திலவ்முராத். மண்ணின் நிறம் மாறினால் அவர் கைக்கரண்டி தானாக நின்றுவிடும். ஒரே ஒரு நாள்தான் நிற்கவில்லை.

எரிந்துபோன பழைய வீடு ஒன்றில், ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு தரைகள் வெளிப்பட்ட நாள் அது. கருகிய ரொட்டித் துண்டு ஒன்று தெரிந்தது. ரொட்டி காலடியில் கிடக்கலாமா? வீட்டில் செய்வதுபோல அதை எடுத்து, முத்தமிட்டு, நெற்றியில் ஒற்றி, உயரமாகச் சுவர்மேல் வைத்துவிட்டார்.

அகழாய்வுத் தலைவி மவ்ஸுனா பதறி ஓடிவந்தாள்.

"அண்ணே, எந்தத் தரையில கிடந்துச்சு? ரொட்டியோட வயச ஆய்வகத்துல சொல்லிடுவாங்க. எந்தத் தரையோடதுன்னு தெரிஞ்சாத்தானே அந்தத் தரைக்கு வயசு சொல்ல முடியும்?"

கூட்டாளி ஹோல்மத் சிரித்தான். "செத்த ரொட்டிக்கும் முத்தம் குடுத்த ஆளு நீதான்யா! கீழ்த்தரைன்னு சொல்லிட்டுப் போ, யாரு கேக்கப்போறா?"

சொன்னால் எல்லோரும் நம்புவார்கள். அவர் வார்த்தைக்கு அங்கே அவ்வளவு மதிப்பு. திலவ்முராத் பள்ளத்தையே வெகுநேரம் பார்த்தார். ரொட்டியைக் கண்ட கண் மண்ணைக் கவனித்திருக்கவில்லை.

"தெரியலம்மா," என்றார். "தெரியாதுன்னே எழுதிக்க."

அவள் அப்படியே எழுதினாள். அந்த இரண்டு தரைகளுக்கும் கடைசிவரை வயது கிடைக்கவில்லை.

அதன்பிறகு எது தென்பட்டாலும், அளந்து படமெடுக்கும்வரை அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார். ரொட்டியாக இருந்தால் மட்டும் மண்டியிட்டு, நெற்றியை அது கிடக்கும் இடத்துக்குக் கொண்டுபோவார்.