கழுத்துக்குள் ஒரு பட்டாணி

கடைவளாகத்தின் மூன்றாவது அடித்தளத்தில் கார் நிறுத்துமிடம். அதன் வாசலில் ஒரு கண்ணாடிக் கூண்டு. உள்ளே உட்கார்ந்து டோக்கன் கிழித்துக் கொடுப்பவளை எல்லாரும் டோக்கன் அக்கா என்பார்கள். பதினோரு வருஷமாக விடியுமுன் இறங்கி, இருட்டியபின் ஏறுகிறவள்.

வெயிலே படாமல் வேலை செய்கிறவர்களுக்கு வைட்டமின் டி கொடுத்தால் உடம்பின் சுரப்பிகளில் என்ன மாறுகிறது என்று மருத்துவக் கல்லூரியில் ஓர் ஆய்வு நடந்தது. அக்காவும் அதில் சேர்ந்தாள். வாரம் ஒன்று விழுங்கச் சொல்லி மாத்திரைகளை மொத்தமாகக் கையில் கொடுத்தார்கள். பாதிப் பேருக்கு மருந்து, மீதிப் பேருக்கு வெறும் எண்ணெய் அடைத்த மாத்திரை. யாருக்கு எது என்று கொடுக்கிற நர்சுக்கே தெரியாது. முழங்கால் வலி சீக்கிரம் போகட்டுமே என்று அக்கா வாரம் இரண்டாக விழுங்கினாள். யாரிடமும் சொல்லவில்லை.

ஆறாவது வாரம் ரத்தம் எடுத்தார்கள். இரண்டு நாள் கழித்துக் கூண்டுக்குள் போன் அடித்தது. மாத்திரை கொடுத்த நர்ஸ்.

"அக்கா, மாத்திரைய நிறுத்திடுங்க. நாளைக்குக் காலையில கட்டாயம் வாங்க. வீட்டுக்காரரையும் கூட்டிட்டு வாங்க."

அடுத்து வந்த காருக்கு மூன்று டோக்கன் நீட்டினாள். கொஞ்ச நாளாகவே தீராத தாகம், ஓயாத அசதி. வயசாகிறது என்று விட்டிருந்தாள்.

மறுநாள் பஸ்ஸில்தான் புருஷனிடம் வாய் திறந்தாள். "ரெண்டு ரெண்டா முழுங்கிட்டேன். வேலில போன ஓணான எடுத்து மடியில விட்டுக்கிட்டேன்."

அவன் திட்டவில்லை. "வலிக்குதுன்னு எங்கிட்ட சொல்லிருக்கலாமே" என்றான். அவன் திட்டாதது அவளை இன்னும் பயமுறுத்தியது.

ரத்தத்தில் கால்சியம் ஏகத்துக்கு ஏறியிருந்தது. வைட்டமின் டி அளவுக்கு மீறினால் அப்படி ஏறும் என்றார் டாக்டரம்மா. அக்கா தலையைக் குனிந்துகொண்டே உண்மையைச் சொன்னாள். டாக்டரம்மா யாருக்கோ போன் போட்டு, ஆய்வில் அவளுக்குக் கொடுத்திருந்த எண்ணைச் சொல்லி, அவளுக்கு வந்தது மருந்தா எண்ணெயா என்று விசாரித்தார்.

"பயப்படாதீங்க. நீங்க முழுங்கினது வெறும் எண்ணெய்."

மூச்சு வந்தது. மறுகணம் நின்றது. "அப்ப கால்சியம் எதனாலம்மா ஏறிச்சு?"

டாக்டரம்மா தன் கழுத்தைத் தொட்டுக் காட்டினார். "இங்க நாலு குட்டிச் சுரப்பி இருக்கு. உங்களுக்கு அதுல ஒண்ணு பட்டாணி மாதிரி வீங்கியிருக்கும்னு நெனக்கிறேன். அதோட ஹார்மோன்தான் எலும்புல இருக்குற கால்சியத்த உருவி ரத்தத்துல விடுது."

"கேன்சரா?"

"பெரும்பாலும் இருக்காது. எடுத்துப் பாத்தாத்தான் உறுதியா சொல்ல முடியும்."

ஸ்கேனிலும் அது தெரிந்தது. அறுவை சிகிச்சைக்குப் பதினெட்டு நாள் இருந்தது. ராத்திரியெல்லாம் அந்தப் 'பெரும்பாலும்' என்ற சொல்லையே திருப்பித் திருப்பிச் சொல்லிப் பார்த்தாள்.

பட்டாணியை எடுத்த மறுநாள் உதடு மரத்தது, விரல்கள் தாமாகவே மடங்கின. செத்துப்போகிறோம் என்றே நினைத்தாள். பேச்சு வராமல் புருஷன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். நர்ஸ் ஓடிவந்து மருந்து ஏற்றினார். "இத்தன நாள் பட்டினி கெடந்த எலும்பு இப்ப கால்சியத்த இழுத்துக்குது. கொஞ்ச நேரத்துல சரியாயிடும்."

சரியாயிற்று. பத்து நாளில் முடிவும் வந்தது. கேன்சர் இல்லை. புருஷன் காகிதத்தை இரண்டு முறை படித்துவிட்டு, டீ வாங்கி வருகிறேன் என்று போனான். வெகுநேரமாகியும் வரவில்லை. அக்கா தேடிப் போனாள். மாடிப்படியில் இரண்டு டம்ளரையும் பக்கத்தில் வைத்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"ஆறிப்போச்சு" என்றான்.

"பரவால்ல, குடு" என்று பக்கத்தில் உட்கார்ந்தாள்.