ஆய்த்து சார்

மைசூரில் ‘ஊட்டா ஆய்த்தா?’ என்றால் வணக்கம் என்றுதான் நான் நம்பியிருந்தேன். சாப்பாடு ஆயிற்றா என்று அர்த்தம். ஆட்டோக்காரர் கேட்பார், பெட்டிக்கடைக்காரர் சாயங்காலம் ஐந்து மணிக்கும் கேட்பார். வந்த புதிதில் ஒருமுறை பக்கத்து வீட்டம்மாவிடம் ‘இல்லை’ என்று உண்மையைச் சொல்லித் தொலைத்தேன். ஒரு தட்டு சித்ரான்னத்தோடு வாசலில் வந்து நின்றார். எனக்கு வியர்த்துவிட்டது. அன்றிலிருந்து கேள்வி முடியுமுன்னே ‘ஆய்த்து’தான்.

மண்டி மொஹல்லாவில் ஊதுபத்தி பாக்கெட் போடும் பட்டறையில் சேர்ந்தபோதும் அதே பழக்கம். மத்தியானம் சூப்பர்வைசர் நோட்டோடு வந்து மேஜை மேஜையாகக் கேட்பார். பள்ளிக்கூடத்தில் நிற்பதுபோல் எழுந்து நின்று, “ஆய்த்து சார்” என்பேன். வயிற்றில் பச்சைத் தண்ணீர்கூட இருக்காது. நம்பட்டுமே என்று ஒருநாள் ஏப்பமும் விட்டேன். அவர் ஒரு டிக் போடுவார். டிக் விழுந்தால் சாப்பாட்டு நேரம் கொடுத்தாயிற்று என்று பொருள். பிறகு மேஜையை விட்டு எழக் கூடாது. இது புரிய எனக்கு ஒரு மாதம் ஆயிற்று. புரிந்த பிறகும் அவர் தலையைக் கண்டால் வாய் தானாக ‘ஆய்த்து’ என்றது.

எதிரில் உட்கார்ந்து பத்தி எண்ணிய அக்கா தமிழ்நாட்டு எல்லையோரத்து ஹனூர்ப் பக்கம். சர்க்கரை நோய்க்காரர். காலையில் மாத்திரை போட்டால் மத்தியானம் நேரத்துக்குச் சாப்பிட்டாக வேண்டும். தவறினால் கை நடுங்கும். சூப்பர்வைசர் கேட்டதும், “ஆகில்லா சார்” என்று டப்பாவை எடுத்துக்கொண்டு எழுந்துவிடுவார்.

“அஞ்சு மணி நேரத்துக்கு மேல நிறுத்தாம வேல வாங்கக் கூடாதுன்னு வாசல்லயே கன்னடத்துல ஒட்டியிருக்குது. அந்த அரை மணி நேரம் நம்முளுது. உனக்கு வவுறுன்னு ஒண்ணு இருக்குதா இல்லியா?”

“வவுறு இருக்குதுங்க அக்கா. தைரியந்தான் இல்லீங்க.”

தசரா ஆர்டர் நாள். வாசலில் லாரி ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. சிதறிய பாக்கெட்டுகளைப் பொறுக்க அக்கா மேஜைக்கடியில் குனிந்திருந்தார். சூப்பர்வைசர் என்னைப் பார்த்து, “இப்பரிகூ ஆய்த்தா?” என்றார். இரண்டு பேருக்கும் ஆயிற்றா என்று.

“ஆய்த்து சார்.”

இரண்டு டிக் விழுந்தது.

அக்கா நிமிர்ந்து, “ஆகில்லா சார்!” என்று கத்தினார். சூப்பர்வைசர் திரும்பாமலே நோட்டைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போனார்.

“அடப்பாவி, என் சோத்தையும் நீயே தின்னுட்டியா?”

“ருசியா இருந்துச்சுங்க அக்கா. பத்து நிமிசம், லாரி போவட்டும்.”

சிரித்தார். பத்து நிமிடம் ஒன்றரை மணி நேரம் ஆனது. அவர் விரலிலிருந்து பத்திகள் நழுவுவதைப் பார்த்தேன். சூப்பர்வைசரைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். நான் இன்னும் வேகமாக எண்ணினேன், அவர் பங்கையும் சேர்த்து. பெரிய உபகாரம். அக்கா நாற்காலியிலிருந்து சரிந்தார். மேஜையின் இரும்புக் காலில் தலை மோதியது.

மறுநாள் அவர் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியிலிருந்து நேராகப் பட்டறைக்கு வந்தார். மேனேஜர் நோட்டை விரித்து டிக்கைக் காட்டினார். வீட்டுக்காரர் என் பக்கம் திரும்பினார்.

“நீங்க எதுத்தாப்புலதான இருந்தீங்க. அவ சாப்புட்டாளாங்க?”

அந்தக் கேள்விக்கு என் வாய் அன்றுதான் ஓடாமல் நின்றது. பிறகு உண்மையைச் சொன்னேன்.

அக்கா சாப்பிடவில்லை. ‘ஆய்த்து’ என்றது நான். ஆறாம் நாள் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார்.