ஊசிக்காரியோட வண்டிக்கு அடியில

கார் விக்கிற கடைக்குப் பின்னாடி சர்வீஸ் பண்ற எடத்துல, அடிப்பக்கம் கழுவுறவ நான். வண்டிய லிஃப்டுல தூக்கி நிறுத்துவாங்க, நான் கீழ நின்னு தண்ணி பீச்சுவேன். புருஷன் போனதுலேருந்து பதினோரு வருஷமா இதே பொழப்பு. எழுத்து ஒண்ணு தெரியாது. ஆனா எவன் எந்த ரோட்டுல போறான்னு வண்டி அடியப் பாத்தே சொல்லிடுவேன்.

நாலு சக்கரமும் இழுக்குற பெரிய வண்டி வரும் பாருங்க, அடியில ஒரு பொட்டு மண்ணு இருக்காது. கடைக்கும் கல்யாணத்துக்கும் போயிட்டு வர நாலு சக்கரம் இழுக்கணுமாம்! கூடை கூடையா சேறு கொண்டாறது பூரா சின்ன வண்டிதான். மேட்டுல எடம் சல்லிசுன்னு வீடு கட்டினவன் வாங்குறது அதத்தானே. அதுக்கு முன்சக்கரம் ரெண்டுதான் இழுக்கும். பின்னாடி ரெண்டும் மாமியார் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளையாட்டம் சும்மா கூட வரும்.

ஊசிக்காரின்னு ஒருத்தி. நெஜப் பேரு யாருக்கும் ஞாபகமில்ல. வீடு வீடாப் போயி, படுக்கையில கெடக்கறவங்களுக்குப் புண்ணு கழுவி ஊசி போடுறவ. வாய் பேசமாட்டா, கை பேசும். எந்தக் கெழவன் அழுதாலும் "சரி தாத்தா, சரி தாத்தா"ன்னே அடக்கிடுவா. மேட்டுத் தெருவுல மட்டும் அவ போயிப் பாக்குற நோயாளிங்க ஏழு பேரு. மழை பேஞ்சா அந்த ஏத்தத்துல ஆடு கூட வழுக்கி விழும்.

கடையில வண்டி விக்கிறவன் என் அக்கா மகன். அக்கா செத்தப்புறம் என் இடுப்புல வளந்தவன். அவன்கிட்டதான் ஊசிக்காரி வந்து கேட்டா, "சின்ன வண்டியில நாலு சக்கரமும் இழுக்குறது இருக்கா தம்பி?"

"இருக்குக்கா. என்னை நம்ப வேணாம், எங்க சித்தியக் கேளுங்க. அடியப் பாத்தவங்க அவங்கதான்."

கூட்டிட்டு வந்தான். ஓட்டிப் பாக்கக் குடுக்குற சின்ன வண்டி அன்னைக்கு லிஃப்டுல நின்னுச்சு. முன்னாலேருந்து பின்சக்கரத்துக்கு நீளமா ஒரு தண்டு போகும். அது இருந்தாத்தான் பின்னாடியும் இழுக்கும். "இந்தா பாரு, என் கை கனத்துக்கு இருக்கு. தைரியமா வாங்குடி"ன்னேன். அன்னைக்கே கையெழுத்துப் போட்டுட்டா.

மழை ஆரம்பிச்சது. ஒருநாள் ரோட்டுல பாத்துக் கேட்டா, "ஏத்தத்துல பாதியில நின்னு பின்னாடியே சறுக்குதுக்கா. எனக்குத்தான் ஓட்டத் தெரியலையோ?"

"பழகணும்டி. எருமைய வாங்கின அன்னைக்கே கறக்க வருமா?"ன்னு நானும் பெரிய இவளாட்டம் சொன்னேன்.

மொத சர்வீஸுக்கு வண்டி வந்துச்சு. சேத்தக் கழுவக் கழுவ, தண்டு இப்ப தெரியும் இப்ப தெரியும்னு பாக்குறேன். தெரியல. பல்லு விழுந்த வாயாட்டம் வெறும் எடம். அதே கலரு, அதே மொகரை, அடி மட்டும் வேற.

ஈரக் கையோட அவன் மேசை முன்னாடி போயி நின்னேன். "தண்டு எங்கடா?"

"மெதுவாப் பேசு சித்தி. சின்ன வண்டியில அத நிறுத்திட்டாங்க. நீ பாத்தது பழசு. சின்ன வண்டி வாங்குறவங்க மலையா ஏறப் போறாங்க?"

"அவ ஏறுறாளேடா, பாவி!"

"நான் எழுதியா குடுத்தேன்? காட்டினது நீ. அவங்க கையெழுத்துப் போட்டது உன் பேச்ச நம்பி."

உண்ட வீட்டுக்கு ரெண்டகம்பாங்க. இவன் ஊட்டின கைய வச்சே அதச் செஞ்சுட்டான்.

நான் ஒளிக்கல. ஊசிக்காரிய லிஃப்டுக்கு அடியில நிறுத்திக் காட்டினேன். ரொம்ப நேரம் அண்ணாந்து பாத்தா.

"சத்தியமா எனக்குத் தெரியாதுடி"ன்னேன்.

"சரிக்கா, சரிக்கா"ன்னா. கெழவங்ககிட்ட பேசுற அதே கொரலு.

அடுத்த சர்வீஸுக்குச் சாவிய முன்பக்கக் கடையிலயே குடுத்துட்டுப் போயிட்டா, என்னப் பாக்க வரல. தூக்கிப் பாத்தா அடியில மண்ணே இல்ல. ஏத்தத்துக்குக் கீழயே நிறுத்திட்டு, மருந்துப் பையத் தூக்கிக்கிட்டு நடக்குறாளாம். எனக்குக் கழுவ ஒண்ணுமில்ல. வண்டிய எறக்கினப்புறம் கதவத் தொறந்தேன். ஓட்டுறவ கால் வைக்கிற எடத்து மிதியடியில ரெண்டு வெரக்கடை சேறு காஞ்சு கெடந்துச்சு.

உள்பக்கம் கழுவ வேற ஆளு இருக்கான். அவனக் கூப்பிடல. நானே எடுத்துக் கழுவினேன்.