ஸ்வெட்டரோடு கவிழ்ந்தது

கடலில் கயாக் என்கிற ஒற்றையாள் துடுப்புப் படகு ஓட்டுவதற்கு நீலகிரி மலைமேல் நடுவட்டத்தில் பயிற்சி எடுத்த ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். இங்கே கடல் ஏது? எஸ்டேட்டில் மருந்து தெளிக்கத் தண்ணீர் தேக்கும் குளம் ஒன்று உண்டு. ஆனிக் காற்று அடித்தால் அதிலும் அலை எழும்.

மனைவி இறந்தபின் இரண்டாவது மழைக்காலம் அது. அதற்கு முந்தைய தையில், தூத்துக்குடியில் கயாக் ஓட்டும் ஒரு சின்னக் கோஷ்டியோடு கரையோரமாகப் போய், மணல்திட்டில் சோறு பொங்கிச் சாப்பிட்டு வந்தேன். அதன்பிறகு வீட்டில் ஒற்றைத் தட்டைக் கழுவுவது பெரிய வேலையாகிவிட்டது.

மறுபடி வரட்டுமா என்று அந்தக் கோஷ்டியின் பயிற்சியாளரிடம் போனில் கேட்டேன்.

"இந்தத் தடவ ஆழத்துக்குப் போறோம் அண்ணாச்சி. கவுந்தா தனியா ஏறத் தெரியணும். தெரியலன்னா கரையில இருந்து எங்க செருப்பப் பாத்துக்கிடுங்க."

நாலு பேரோடு சேர வேண்டுமானால் முதலில் தனியாக ஏறிக் காட்ட வேண்டும். தனியாக இருப்பதில்தான் எனக்கு நல்ல அனுபவமாயிற்றே!

தூத்துக்குடியில் கேரட் இறக்கிவிட்டுத் திரும்பிய லாரியில் பழைய கயாக் ஒன்று வந்து சேர்ந்தது. கரையில் ஓர் ஆள் இல்லாமல் இறங்கக் கூடாது என்பதும் பயிற்சியாளரின் கட்டளை. எஸ்டேட் வாட்ச்மேன் கயிறும் குடையுமாக வந்து நின்றார்.

முறை எளிதுதான். வேண்டுமென்றே கவிழ வேண்டும். படகை விடாமல் பிடித்து நிமிர்த்த வேண்டும். துடுப்பின் ஒரு முனையில் காற்றுப்பையை மாட்டி, மறுமுனையைப் படகின் மேல் குறுக்கே வைத்து அழுத்திக்கொண்டு, வயிறு உரச ஏற வேண்டும்.

கவிழ்வது முதல் தடவையே பிரமாதமாக வந்தது. ஏறுவதுதான் வரவில்லை. இடுப்புக்குக் கீழே யாரோ பிடித்து இழுக்கிற மாதிரி கனம். மூன்றாம் முறை படகையே கைவிட்டேன். காற்று அதை எதிர்க்கரைக்குக் கொண்டுபோனது.

"ஏனுங்க சார், ஏறி வர்றீங்களா, இல்ல அங்கயே குடியிருக்கப் போறீங்களா?"

"வாடகை கம்மின்னா இருந்துக்கிறேனுங்க."

நீந்திக் கரையேறி, லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றியபோதுதான் தெரிந்தது. உள்ளே தொடை வரை தொங்கிக்கொண்டு என் கம்பளி ஸ்வெட்டர். இந்த ஊரில் அதைத் தோல் மாதிரி போட்டுக்கொண்டே திரிகிறோம். தண்ணீருக்குள்ளும் அப்படியே இறங்கியிருக்கிறேன். வாட்ச்மேனும் நானும் ஆளுக்கொரு முனை பிடித்துப் பிழிந்தோம். அரைக் குளம் வந்தது.

அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன். வாசலைத் தாண்டும் முன்பே, "ஸ்வெட்டரோடவா தண்ணியில இறங்கப் போறீங்க?" என்று கேட்டிருப்பாள் அவள். இப்போது கேட்க ஆளில்லை.

மறுநாள் மெல்லிய பனியனோடு இறங்கினேன். குளிர் எலும்பைத் தொட்டது. கவிழ்ந்தேன், நிமிர்த்தினேன், வயிறு உரசியது, ஏறிவிட்டேன்! வெற்றிக் களிப்பில் இரண்டு கைகளையும் உயர்த்தினேன். மறுபடி கவிழ்ந்தேன்.

இந்த முறை ஏறியதும் கைகளை உயர்த்தவில்லை. அலை அடங்கும்வரை துடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

வீட்டுக்கு வந்து தூத்துக்குடிக்குப் போன் போட்டேன். "ஏறிட்டேன் தம்பி."

"நெசமாவா? அப்ப வாங்க அண்ணாச்சி. சாப்பாட்டுத் தட்டு மட்டும் கொண்டுட்டு வந்திருங்க."

அலமாரியில் இரண்டு தட்டுகள் இருந்தன. ஒன்றை எடுத்துப் பைக்குள் வைத்தேன்.