உன்னோ பார்த்த அடிப்பக்கம்

யாயிஸு துறைமுகத்தில் உன்னோ ஷிகெயோவுக்கு ஆட்களின் முகம் சட்டென்று நினைவுக்கு வராது. அவர்களுடைய வண்டியின் அடிப்பக்கத்தைக் காட்டினால் பெயர், தெரு எல்லாம் சொல்லிவிடுவார். வண்டிகளுக்குத் தகுதிச் சோதனை செய்கிற பட்டறையில் இருபத்தாறு வருஷமாக வண்டிக்குக் கீழேயுள்ள பள்ளத்துக்குள் நின்று அண்ணாந்து பார்த்தே பிழைக்கிற மனிதர். வீட்டுக்குப் போனாலாவது சும்மா இருப்பாரா என்றால் அதுவும் இல்லை. சாப்பாட்டு மேசையின் ஓரத்தை மனைவியிடம் கெஞ்சி வாங்கி, அங்கே உள்ளங்கை அளவு பொம்மைக் கார்களைப் பரப்பிவைத்து, அவற்றுக்கும் அடிப்பக்கம் செய்துகொண்டிருப்பார்.

துண்டு துண்டாக வாங்கி ஒட்டிச் செய்கிற பழைய பொம்மைப் பெட்டிகளில் வரும் அடித்தட்டு பெயருக்குத்தான் அடித்தட்டு. மோட்டாரும் பேட்டரியும் வைப்பதற்காக நடுவில் பெரிய ஓட்டை இருக்கும். அதை மறைக்க இருக்கைகளைத் தூக்கிவைத்திருப்பார்கள்; ஓட்டுநரை உட்கார வைத்தால் தலை கூரையில் இடிக்கும். உன்னோவுக்கு அது பொறுக்காது. தட்டைத் தூக்கி எறிந்துவிட்டு, பிளாஸ்டிக் தகட்டைக் கீற்றுக் கீற்றாக வெட்டிச் சட்டம் கட்டுவார். புகைக்குழாய்க்கு ஈயக்கம்பி, பிரேக் குழாய்க்குத் தலைமுடி மாதிரி செம்புக்கம்பி. சக்கரங்களுக்கு இடையே அரை மில்லிமீட்டர் கூடினாலும் மறுபடி அறுப்பார். இவ்வளவும் முடிந்ததும் மேல்கூட்டை மாட்டி நிறுத்திவிடுவார். செய்ததில் ஒன்றும் வெளியே தெரியாது.

“கோவணத்துக்கு ஜரிகை வெச்சுக் கட்டுற ஆளு நீங்க ஒருத்தர்தான், உன்னோ-சான்” என்பார் பொம்மைக் கார் சங்கத்து நண்பர் இகெகாயா. உன்னோ சிரித்துக்கொள்வார். வாய் சாமர்த்தியம் அவருக்குக் கிடையாது. அதுதான் போன இலையுதிர் காலத்தில் அவரைச் சிக்கலில் மாட்டிவிட்டது.

மத்தி மீனை அரைத்துக் கருப்பு மீன் அடை செய்து விற்கிற கத்ஸுமாதா தொமியே, கடையின் குட்டி லாரியைச் சோதனைக்குக் கொண்டுவந்திருந்தார். கணவர் இறந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. அவர் ஓட்டிய வண்டியைத்தான் இப்போது இவர் ஓட்டினார். உன்னோ பள்ளத்தில் இறங்கி அண்ணாந்து பார்த்தார். கடல் உப்பு தின்று பின்சட்டம் இரண்டாகப் பிரிந்திருந்தது. பிரிந்த இடத்தின் மேல் ஒரு பச்சைத் தகரம் வைத்துப் பற்றவைத்திருந்தார்கள். தகரத்தில் வெள்ளை மீனின் வாலும் பாதி உடம்பும் தெரிந்தன. அது கத்ஸுமாதா கடையின் பழைய பெயர்ப்பலகை. பற்றவைத்தது யார் என்று கேட்கவே வேண்டாம்.

செத்த கணவரின் திருட்டு ஒட்டுவேலையைப் பற்றிப் பட்டறையில் வைத்து விதவையிடம் எப்படிச் சொல்வது? உன்னோ அதை விழுங்கிக்கொண்டார். ஒட்டு தெரியாமல் துருவை மட்டும் காட்டுகிற படம் ஒன்றைக் கொடுத்து, வண்டி இனி ஓடக்கூடாது என்றார். முட்டிவலியோடு பள்ளத்தில் இறங்க தொமியேவால் முடியாது.

“எந்த வண்டியோட படத்தையோ காட்டி ஏமாத்தப் பாக்குற. புது வண்டி வித்தா ஒனக்கு எவ்வளவுப்பா கெடைக்கும்?”

சொன்னதோடு நிற்கவில்லை. சோதனையில் தேறாத வண்டியை வைத்து என்ன செய்ய என்று அன்றே உடைக்கக் கொடுத்துவிட்டு, மீன் சந்தையில் கண்டவர்களிடமெல்லாம் உன்னோ பொய்யன் என்றார். இருபத்தாறு வருஷத்தில் உன்னோவின் கையெழுத்தை யாரும் சந்தேகப்பட்டதில்லை. இப்போது சந்தையில் ஆட்கள் அவரைப் பார்த்துப் பேச்சை நிறுத்தினார்கள். மனிதருக்குச் சோறு இறங்கவில்லை. தான் சொன்னது உண்மை என்று அந்த அம்மாள் ஒருவர் நம்பினால் போதும் என்று இருந்தது.

வாயால் முடியாததைக் கையால் சொல்லலாம் என்று தோன்றியது. அதே ரகக் குட்டி லாரியின் பழைய பொம்மைப் பெட்டியைத் தேடிப் பிடித்து, புத்தாண்டுக்குள் அடிச்சட்டம் முழுவதையும் கட்டி முடித்தார். தொழிற்சாலை வரைபடத்தைப் பார்த்துச் செய்தது. ஒரு திருகு பிசகவில்லை. இகெகாயாவே கேலியை மறந்து பூதக்கண்ணாடியோடு அரை மணி நேரம் குனிந்திருந்தார்.

அவர் போன பிறகுதான் உன்னோவுக்கு உறைத்தது. இது கம்பெனி வாசலை விட்டு வந்த வண்டி. தொமியேவின் வண்டி இது இல்லை. சரியாகச் செய்கிற வெறியில் துருவையும் ஒட்டையும் தானே சரிசெய்து வைத்திருந்தார். இந்தக் கைவேலைக்காரர்களைத் தவிர வேறு யாருக்கு இப்படி ஒரு தப்பு வரும்? மூன்று மாத வேலையைச் சத்தமில்லாமல் பிய்த்தெடுத்தார். பட்டறைக் கோப்பில் இருந்த மற்ற படங்களை எதிரே வைத்துக்கொண்டு மறுபடி தொடங்கினார். இரும்பு நாரைக் கடல் தண்ணீரில் ஊறப்போட்டு, வந்த துருவையே தூளாக்கிப் பூசினார். பச்சைத் தகரத்தை நகக்கண் அளவில் வெட்டி, ஒற்றை மயிர்த் தூரிகையால் மீன்வாலை வரைந்தார். அந்த வால் ஒன்றுக்கே ஒன்பது நாள் ஆனது. அந்தக் கைக்கு என்ன மரியாதை செய்தாலும் தகும்.

மே மாதம் ஷிசுவோகா நகரில் பொம்மைச் சங்கங்களின் கண்காட்சி நடந்தது. அடிப்பக்கம் தெரிவதற்காகச் சிலர் காருக்குக் கீழே முகம் பார்க்கும் கண்ணாடி வைப்பார்கள். வாழ்க்கையில் முதல் தடவையாக உன்னோவும் வைத்தார். அரங்கத்து வாசலில் தொமியே மீன் அடைக் கடை போட்டிருந்தார். வாங்க வந்தவர்களெல்லாம் உங்கள் கடைப் பெயர் போட்ட வண்டி உள்ளே நிற்கிறது என்று சொல்லச் சொல்ல, இரண்டாம் நாள் அடை தீர்ந்ததும் சண்டைக்கென்றே உள்ளே வந்தார்.

“என் வண்டியை வெச்சு ஊருக்கு வேடிக்கை காட்டுறியா?”

உன்னோ தலை குனிந்து, கண்ணாடியைப் பார்க்கும்படி கையைக் காட்டினார். தொமியே குனிந்தார். முதலில் பிளந்த சட்டத்தைப் பார்த்தார். பிறகு பச்சைத் தகரத்தைப் பார்த்தார். நிமிரவே இல்லை.

“இது எங்க பலகை” என்றார், குரல் அடங்கி. “அவரு வெட்டினதா?”

ஆமாம் என்றார் உன்னோ. அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும், தன் தப்புதான் என்று மன்னிப்பும் கேட்டார். லாரியைக் கவிழ்த்து அவருடைய உள்ளங்கையில் வைத்தார்.

“பொய் சொல்றேன்னு ஊரெல்லாம் சொன்னேன். நீ நிறுத்தலைன்னா நான் இன்னிக்கு உசுரோட இல்ல” என்றார் தொமியே. மீன்வாலைத் தொடப்போய், விரலை எடுத்துக்கொண்டார். “கடைசியில சாவியே குடுக்கல அந்த மனுஷன். வண்டி இப்படிக் கெடக்குன்னு சொல்லாம, ஒனக்குக் கண்ணு போச்சு, ஓட்ட லாயக்கில்ல, நானே ஓட்டிக்கிறேன்னாரு. அந்தக் கோவத்துல சாகுற வரைக்கும் அவருகிட்ட நான் முகம் குடுத்துப் பேசல, உன்னோ-சான்.”

 உன்னோ ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார்.