வெயிலைப் பார்த்துப் பெருகும் ஆறு

தந்தி வந்தபோது முற்பகல் பதினொரு மணி இருக்கும். அலிப்பூரில் எங்கள் நில அளவை ஆபீஸில் நான் வரைந்துகொண்டிருந்த மேசையருகே தலைமைக் குமாஸ்தாவான படாபாபு வந்து நின்றார். "உன் சிநேகிதர்..." என்று வங்காள மொழியில் தொடங்கியவர், முடிக்க முடியாமல் தாளை நீட்டினார். மலையில் ஜுரம் கண்டு சங்கரலிங்கம் பிள்ளை காலமாகிவிட்டார்.

அவரை அறிந்தவர்களுக்கு அவர் பேச்சு நினைவிருக்கும். நாங்கள் இருவரும் திருநெல்வேலிப் பக்கம். அவர் மலைக்குப் போய் அளப்பார். கல்கத்தாவில் உட்கார்ந்து நான் வரைவேன். தீஸ்தா ஆற்றை அவர் சிக்கிம் பனிமலையடியிலிருந்து சமவெளிவரை நடந்தே அறிந்தவர். "நம்ம தாமிரபரணி மழையப் பார்த்துப் பெருகும். இது வெயிலப் பார்த்துப் பெருகும், வே" என்பார். மேலே தானியம் அரைக்கும் கல்லை அந்தத் தண்ணீர் சுழற்றுவதையும், கீழே வெட்டிய மரங்களை அது மிதக்கவிட்டுக் கொண்டுவருவதையும் சொல்லும்போது, சொந்தப் பிள்ளையின் சமர்த்தைச் சொல்வதுபோல முகம் மலர்ந்துவிடும்.

மேல் பள்ளத்தாக்கில் கால்நடையாக ஆற்றைக் கடக்கும் துறை ஒன்று இருந்தது. கோடையில் காலையில் முழங்காலளவு தண்ணீர்தான். வெயில் ஏறிப் பனி உருகியதும் பிற்பகலில் ஆளையே புரட்டிவிடும். "கோடையில் காலையில் மட்டும் கடக்கலாம்" என்று நான் வரையும் வரைபடத்தில் எழுதச் சொல்லிக் குறிப்பு அனுப்பியிருந்தார். எழுதினேன். படத்தில் எழுத்து அதிகமாகிவிட்டது என்று எங்கள் மேலதிகாரியான துரை அதை எடுக்கச் சொன்னார். கத்தி முனையால் சுரண்டி எடுத்தேன். சங்கரலிங்கத்துக்கு நான் தெரிவிக்கவில்லை.

அந்தக் கோடையில், சமவெளியிலிருந்து பாதை போடப் போன கூட்டமொன்று அந்தப் படத்தை நம்பி மாலையில் ஆற்றில் இறங்கியது. மூட்டை சுமந்த ஒருவர் அடித்துச் செல்லப்பட்டார். இரண்டு நாள் கழித்து உடலைக் கண்டெடுத்தது சங்கரலிங்கம்தான்.

கல்கத்தா வந்ததும் நேரே என் மேசைக்கு வந்தார். சுரண்டிய இடத்தை விரலால் தடவிப் பார்த்தார்.

"நான்தான் எடுத்தேன்" என்றேன்.

"எடுக்கச் சொன்னது யாருன்னு தெரியும். உம்ம கையைக் குத்தம் சொல்லலை. ஆனா எனக்கு ஒரு காயிதம் போட்டிருக்கலாம், வே. போற வாறவங்ககிட்ட நான் வாயாலயாவது சொல்லியிருப்பேனே."



மேலிடத்து உத்தரவின்பேரில் அந்த வரி படத்தில் திரும்ப ஏறியது. சங்கரலிங்கத்துக்கு அது போதவில்லை. "மூட்டை தூக்குதவன் படத்தையா பார்க்கான்? அவனுக்குப் பாலம்தான் வேணும்" என்று மனுமேல் மனுவாகப் போட்டு, கம்பிப் பாலத்துக்கு அனுமதி வாங்கினார். கம்பி வடத்தை மேலே ஏற்ற, ஜுரத்துக்குப் பேர்போன அடிப்பள்ளத்தாக்கில் மழைக்காலம் முழுவதும் கிடந்தார். அவர் புறப்பட்ட நாளில், போகாதீர் என்று சியால்தா ஸ்டேஷனில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். "நீர் வேணா கூட வாருமே" என்று சிரித்தார். நான் போகவில்லை. பாலத்தில் ஜனங்கள் நடந்ததை அவர் பார்த்துவிட்டார் என்கிறார்கள். அதன்பின் எட்டே நாள்.

பதினாறாம் நாள் சடங்கு முடிந்த மறுவாரம், அவர் மனைவி பார்வதியம்மாள் ஆள் அனுப்பி அழைத்தார்கள். காளிகாட் சந்தில் அந்தச் சின்ன வீட்டுக்குள் நுழைந்ததும், அவர்களிடம் இனியும் மறைக்கக் கூடாது என்று, அந்த வரியைச் சுரண்டியது நான் என்பதைச் சொல்லிவிட்டேன்.

"தெரியும் அண்ணாச்சி. ஜுரத்துல கிடக்கும்போது போட்ட கடைசிக் காயிதத்துல எழுதியிருந்தாக." "'நான் திரும்பாட்டா அந்த மனுசன் சோறு இறங்காமக் கிடப்பாரு. கூப்பிட்டு ஒரு வேளை சாப்பாடு போடு'ன்னு எழுதியிருந்தாக."

இலை போட்டார்கள். புளிக்குழம்பும் அப்பளமும். முதல் கவளத்தை எடுத்தேன். நெருப்பாய்க் கொதிக்கும் ஜுரத்தில் கிடந்தவர், என் பசியை நினைத்திருக்கிறார்.

சங்கரலிங்கம் எனக்கென்று விட்டுப்போனது அந்த ஒரு வேளைச் சோறு. இலையைப் பார்த்தபடி அழுதுகொண்டே சாப்பிட்டேன். பார்வதியம்மாள் மறுபடி சோறு வைத்தார்கள். அதையும் சாப்பிட்டேன்.